சேவலையும் பெட்டையையும் பார்த்தே குஞ்சு நிறத்தைக் கணிக்கலாம், தங்கச்சி!

நம்ம புதுக்கோட்டைப் பக்கம் வாரச்சந்தையில ஒரே எடையுள்ள ரெண்டு சேவலுக்கு ரெண்டு விலை சொல்லுவாங்க, கவனிச்சிருப்பே. கருப்பருக்கு நேர்ந்துக்கிட்டவங்க கலப்பில்லாத கருஞ்சேவலா தேடுவாங்க. சேவல் பிரியர்களுக்குக் காகம், கீரி, மயில், வல்லூறு, பூதின்னு இறகு நிறத்துக்குத் தனிக் கணக்கு. நீயும் நாலு பெட்டைய வச்சு அடை வைக்கிறவ. கேட்கிற நிறத்துல குஞ்சு கிடைக்கிறது அதிர்ஷ்டம்னு விட்டுடாதே. ஜோடி சேர்க்கிறதுலதான் சூட்சுமம்.

கோழி இறகுல சாயம் ரெண்டே ரெண்டுதான்: ஒண்ணு கறுப்பு, இன்னொண்ணு செம்பழுப்பு. எந்தச் சாயம் எந்த இடத்துல, எவ்வளவு, எந்தக் கோட்டோட நிற்கணும்னு மரபணுக்கள் சொல்லும். சாயம் ஏறாத இறகு வெள்ளை. தாய்கிட்ட ஒண்ணு, தகப்பன்கிட்ட ஒண்ணுன்னு ஒவ்வொரு மரபணுவும் ஜோடியா வரும். பட்டாணியில மெண்டல் கண்ட விதி கோழிக்கும் பொருந்தும்னு 1902லயே பேட்சன்ங்கிற ஆங்கிலேயர் காட்டிட்டார்.

ஆனா கோழியில ஒரு விசேஷம் இருக்கு. நம்மள்ல பிள்ளை ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிறது அப்பாவோட குரோமோசோம். கோழியில அது தாயோட வேலை. சேவலுக்கு ரெண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. அதனால பெட்டைக்குஞ்சுக்கு இசட் தகப்பன்கிட்ட இருந்து மட்டும்தான் வரும். நிறத்தோட சம்பந்தப்பட்ட சில மரபணுக்கள் அந்த இசட்லதான் உட்கார்ந்திருக்கு.

இதை வச்சு ஒரு வித்தை செய்யலாம். கறுப்பு உடம்புல குறுக்கே வெள்ளைக் கோடு கோடா ஓடுற வரிக்கோழி இருக்கில்ல? அந்தப் பெட்டைய, கோடே இல்லாத முழுக்கறுப்புச் சேவலோட சேர். பொரிச்ச அன்னிக்கே குஞ்சைக் கையில எடுத்து உச்சந்தலையப் பாரு. கறுப்பு ரோமத்துக்கு நடுவுல வெள்ளைப் பொட்டு இருந்தா சேவல், இல்லன்னா பெட்டை. தலைகீழா, சுத்தமான வரிச்சேவலைக் கறுப்புப் பெட்டைக்கு விட்டா எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வரும், பிரிச்சறிய முடியாது. அதனால எது தாய், எது தகப்பன்னு பார்த்துதான் சேர்க்கணும்.

சதையும் கறுத்த கடக்நாத் கோழி விஷயத்துலயும் இதே கதைதான். கறுத்த இறகு வேற, கறுத்த சதை வேற. இறகு மட்டும் கறுப்பா இருக்கிற நாட்டுக்கோழியைக் 'கருங்கோழி'ன்னு தலையில கட்டப் பார்ப்பாங்க. வாயைத் திறந்து நாக்கைப் பாரு, கொண்டை, கால், இறகை விலக்கித் தோலைப் பாரு. எல்லாம் கறுத்திருக்கணும். தோலுக்குள்ள கருமையைப் பரப்புற மரபணு ஒண்ணு. அதை அடக்கி வைக்கிற இன்னொண்ணு இசட்ல இருக்கு. கடக்நாத் சேவலை, காலு வெளுத்த நம்ம ஊர்ப் பெட்டைக்கு விட்டா, பெட்டைக்குஞ்சுக கறுத்து வரும், சேவல்குஞ்சுக வெளிறி வரும். சேவலுக்குத் தாயோட அடக்குற மரபணு போய்ச் சேர்றதுதான் காரணம். முதல் தலைமுறைச் சேவலைப் பார்த்து "ஏமாத்திட்டாங்க"ன்னு சண்டைக்குப் போகாதே.

சாம்பல் நிறம் பலரைக் குழப்பும். ஒரு வகைச் சாம்பல், கறுப்பை வெளிறச் செய்யுற மரபணு ஒரே ஒரு பங்கு இருந்தா வர்றது. அந்த வகையில சாம்பலுக்குச் சாம்பல் சேர்த்தா, சராசரியா நாலுல ஒண்ணு கறுப்பு, ரெண்டு சாம்பல், ஒண்ணு வெளுப்புல கறைகறையா வரும். அடுத்தடுத்த தலைமுறையிலயும் பிரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். குஞ்சு முழுக்கச் சாம்பலாவே வேணும்னா கறுப்பையும் அந்தக் கறைவெள்ளையையும் ஜோடி சேர். இன்னொரு வகைச் சாம்பல் இருக்கு, அதுல சாம்பலுக்குச் சாம்பல் சேர்த்தா எல்லாமே சாம்பல்தான். உன்கிட்ட இருக்கிறது எதுன்னு ஒரு அடை வச்சாத் தெரிஞ்சுடும்.

வெள்ளையும் அப்படித்தான். லெகார்ன் ரத்தம் உள்ள வெள்ளை, கறுப்போட சேர்ந்தா குஞ்சும் வெள்ளையா, அங்கங்க கறுப்புப் பொட்டோட வரும். சில வெள்ளை அடங்கிப் போகிற வகை. அதுக்குப் பிறக்கிற குஞ்சுல வெள்ளை தெரியாது, பேரக்குஞ்சுல திரும்ப எட்டிப் பார்க்கும்.

கழுத்துல இறகில்லாத கிராப்புக்கோழியை விகாரம்னு ஒதுக்காதே. உடம்புல இறகு குறைவா இருக்கிறதால நம்ம வெயிலைத் தாங்கும். கழுத்தோட முன்பக்கம் ஒரு கொத்து இறகு இருந்தா அந்த மரபணு ஒரு பங்கு; மொட்டையா இருந்தா ரெண்டு பங்கு.

இனி முக்கியமான காரியம். சேவலை மாத்தினா உடனே முட்டை சேர்த்து அடை வைக்காதே. பழைய சேவலோட விந்து பெட்டை வயித்துல ரெண்டு வாரத்துக்கு மேலயும் உயிரோட இருக்கும். மூணு வாரம் அந்த முட்டைகளைக் குழம்புக்கு வச்சுக்கோ, அப்புறம் சேகரி. ஜோடியத் தனிப் பஞ்சாரத்துலயோ கூண்டுலயோ பிரிச்சு வை. காலுல வளையம் மாட்டி, நோட்டுல தாய் தகப்பன் நிறத்தை எழுது. நிறம் பிடிச்சிருக்குன்னு தகப்பனையே மகளோட தொடர்ந்து சேர்த்தா குஞ்சு நோஞ்சானாகும். விலை பேசுறதுக்கும் அவசரப்படாதே. குஞ்சு இறகு உதிர்ந்து, அஞ்சாறு மாசத்துலதான் நிஜ நிறம் தெரியும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வயசான பெட்டை சேவல் மாதிரி இறகு விட்டுக் கூவினா வீட்டுக்கு ஆகாதுன்னு பயப்படுவாங்க. சினைப்பை பழுதாகி, பெட்டைக்குரிய ஹார்மோன் குறைஞ்சா அப்படி ஆகும், அவ்வளவுதான்.

இறகு எந்த நிறமானாலும் வெள்ளைக் கழிச்சல் நோய் விடாது. ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி, ரெண்டையும் தவற விடாதே. சந்தேகம்னா புதுக்கோட்டையில இருக்கிற கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கு அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போய்க் கேளு.