தூண்டிலுக்கு முன் நீரைப் பாருங்கள்



பள்ளி விடுமுறை வந்தால் நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தாத்தா, மீன் பிடிக்கப் போகலாமா?" வாய்க்காலிலும் கண்மாயிலும் தூண்டில் போட்டு வளர்ந்த நமக்கு அது பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் மும்பையைச் சுற்றியுள்ள ஏரிகளும் மலைமேல் உள்ள நீர்த்தேக்கங்களும் நம் ஊர்க் கண்மாய் போன்றவை அல்ல. ரயில்வேயில் பாலங்களோடும் மண் கரைகளோடும் காலம் கழித்தவன் என்ற முறையில், தெரிந்ததைச் சிறு பாடமாக எழுதுகிறேன். முதலில் இடம், அடுத்து நீர், கடைசியில்தான் மீன். இந்த வரிசை மாறக்கூடாது.

1. இடம் யாருடையது?

விஹார் ஏரி 1860-லும் துளசி ஏரி 1879-லும் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டி முடிக்கப்பட்டவை. இன்றும் அவை குடிநீர் தருகின்றன. சுற்றிலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போகும் எண்ணமே வேண்டாம். பவாய் ஏரியின் கதை வேறு. 1891-இல் அதுவும் குடிநீருக்காகவே அமைந்தது. நீர் குடிக்கத் தகுதியில்லை என்று பிறகு கைவிடப்பட்டது. மகாராஷ்டிர மாநிலத் தூண்டில்காரர் சங்கம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அங்கே முன்கூட்டி விசாரித்து, அனுமதி பெற்றுப் போக வேண்டும். ஏரியில் முதலைகள் உண்டு. ஆகவே காலை நனைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. நகரக் கழிவுநீர் கலப்பதால், பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடுவதே நல்லது.

மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்கள் பலவற்றில் மீன்பிடி உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பிழைப்பு. கேட்காமல் தூண்டில் போடுவது அடுத்தவர் தோட்டத்தில் மாங்காய் பறிப்பது போலத்தான்.

2. நீர் எப்படி நடந்துகொள்ளும்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்த்தேக்கங்கள் மழை முடியும் செப்டம்பர், அக்டோபரில் நிறைந்து, மே கடைசியில் மிகவும் தாழ்ந்துவிடும். நீர் இறங்கிய கரையில் மேலே உலர்ந்த பொருக்கு, அடியில் குழைந்த சேறு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் என் மகனை அழைத்துப் போனேன். அவனுக்கு அப்போது பத்து வயது. வெடித்துக் காய்ந்த மண்ணைப் பார்த்து, "தைரியமாக நட" என்று சொன்னவன் நானேதான். நாலாவது அடியில் முழங்கால் வரை புதைந்தான். இழுக்கப் போன நானும் புதைந்தேன். அந்த ஊர் மீனவர் ஒருவர் பலகையைப் போட்டு இருவரையும் வெளியே எடுத்தார். மண் சோதனை செய்தே சம்பளம் வாங்கியவன், ஒரு குச்சியால் குத்திப் பார்க்கத் தோன்றாமல் நின்றேன். அன்று முதல் கைத்தடி இல்லாமல் நீர்க்கரைக்கு நான் போவதில்லை.

மழைக்காலத்தில் ஆபத்து வேறுவிதமானது. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் புஷி அணைக்கு அருகே ஓடையில் நின்ற ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். 2014 ஜூன் 8 அன்று இமாசலத்தில் பியாஸ் நதியில், அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் ஐதராபாத் மாணவர்கள் 24 பேரை வாரிக்கொண்டு போனது. இருக்கும் இடத்தில் மழை இல்லை என்பது சமாதானமே அல்ல. நீர் வருவது மேலேயிருந்து. எனவே அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பயணமே வேண்டாம். கெண்டை இன மீன்கள் முட்டையிடும் காலமும் அதுவே.

ரயில்வே பாலத் தூண்களில் அபாய மட்டக் கோடு வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நாமும் செய்யலாம். போய்ச் சேர்ந்தவுடன் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அரை மணிக்கொரு தரம் பாருங்கள். 20-க்கு 1 சரிவுள்ள கரையில் நீர் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், 2 மீட்டர் உள்ளே வந்துவிடும். குச்சி நனைந்தால் சாமான்களைக் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டும். அப்போது மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

3. மீன் எங்கே இருக்கும்?

நம் பெருங்கெண்டைகள் மூன்றும் மூன்று மாடிக் குடித்தனம் நடத்துகின்றன. கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டம். மிருகால் அடிமட்டம். எனவே எந்த மீன் வேண்டுமோ அதற்கேற்பத் தக்கையை ஏற்றியோ இறக்கியோ கட்ட வேண்டும். கோதுமை மாவோடு கடலைப் புண்ணாக்கைப் பிசைந்த உருண்டை இந்த மூன்றுக்கும் ஆகும். விராலும் கெளுத்தியும் மண்புழுவுக்கு வரும்.

கோடையில் ஆழமான நீரின் அடியில் பிராணவாயு குறைந்துவிடும்; அங்கே தூண்டிலை இறக்கிக் காத்திருப்பது வீண். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் தணிந்திருக்கும், கரையும் ஓரளவு உறுதியாக இருக்கும். குடும்பத்தோடு போக அதுவே ஏற்ற காலம்.

4. எடுத்துச் செல்ல வேண்டியவை

தூண்டில், நரம்பு, முள், தக்கை, ஈயக்குண்டு ஆகியவற்றோடு கைத்தடி, 15 மீட்டர் கயிறு, பிள்ளை ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை, முள் குத்தினால் போட மருந்து, குடிநீர். புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டம்மா பார்த்துக்கொள்வார். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். சிறு மீன்களைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து விட்டுவிடுங்கள். உலர்ந்த கை பட்டால் அவற்றின் மேல் வழவழப்பு போய் நோய் தாக்கும்.

மீன் ஒன்றும் அகப்படாமல் திரும்பும் நாள்களே அதிகம் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போனவர்களை எண்ணி, அத்தனை பேரும் வீடு திரும்பினால் பயணம் வெற்றிதான். என் மகன் இப்போது தன் மகனை அழைத்துப் போகிறான். வண்டியில் முதலில் ஏறுவது அந்தக் கைத்தடி.