லேசர் வைத்தால் வலி போய்விடுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் எஸ்டேட்டிலும் தோள் பிடித்துக்கொண்டால் முன்பு “கரண்ட் வெச்சேன்” என்பார்கள். இப்போது “லேசர் வெச்சேன்” என்கிறார்கள். கூடவே சில நம்பிக்கைகளும் வந்துவிட்டன.

“இரும்பையே அறுக்கிறது, சதையைப் பொசுக்காதா?”

தகடு வெட்டும் லேசர் கிலோவாட் கணக்கான ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறது. வலிக்கு வைக்கும் லேசர்களில் பெரும்பாலானவை அரை வாட்டைத் தாண்டாது. தோலில் சூடே தெரியாது. (வலுவான ரகமும் உண்டு. அதை ஒரே இடத்தில் பிடித்தால் சுடும்.) ஆபத்து கண்ணுக்குத்தான். 800, 900 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, அதனால் இமை தானாக மூடாது, விழித்திரை புண்ணாகலாம். வைப்பவர், வைத்துக்கொள்பவர் இருவருக்கும் அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். வெல்டிங் கண்ணாடியை நம்பி உட்காராதீர்கள்.

“சிவப்பு பல்பும் லேசரும் ஒன்றுதானே?”

இல்லை. பல்பு தருவது சூடு, அது ஒத்தடத்தின் வேலை. லேசர் சிகிச்சையின் கதை 1967-இல் புடாபெஸ்டில் தொடங்குகிறது. எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் மழித்த எலிகளின் முதுகில் வலுக்குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்ச, அங்கே முடி வேகமாக வளர்ந்தது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுவதே காரணம் என்பது இன்றைய முதன்மையான விளக்கம்.

“அமெரிக்காவிலேயே அனுமதித்ததாமே?”

அனுமதித்தது உண்மை. அந்தக் கதையே ஒரு கார் கம்பெனியில்தான் நடந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போன ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்களிடம் 1990-களில் லேசரைச் சோதித்தார்கள், 2002-இல் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு கருவிக்கு அனுமதி தந்தது. விளம்பரம் இத்தோடு நின்றுவிடும். அதே நோய்க்கு நடந்த சோதனைகளை 2017-இல், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு என்று சொல்லுமளவுக்குத் தரமான சான்று கிடைக்கவில்லை.

அதற்காக எல்லாம் புரட்டு என்றும் தள்ளிவிட முடியாது. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு கழுத்துவலி பற்றிய 16 சோதனைகளைத் தொகுத்தது, 820 நோயாளிகள். நாள்பட்ட வலி சிகிச்சை முடிந்தும் 22 வாரம் வரை குறைந்திருந்தது. புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க உலக வழிகாட்டுதல்களே லேசரைப் பரிந்துரைக்கின்றன. இடுப்புவலிக்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. நம் பக்கம் அதிகம் பேர் லேசர் தேடுவதோ அதற்குத்தான்.

“வெச்சா அடுத்த ஷிஃப்டுக்கே போயிடலாம்.”

எனக்குக் கோபம் வருவது இதில்தான். வலி அடங்கினாலும் கிழிந்த தசைநார் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் மறுபடி கிழியும். ஓய்வெடுத்தால் கூலி போகுமே என்கிறீர்களா? காசு கட்டி பத்து சிட்டிங் போகிறவர் பலருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தமும் போய்க்கொண்டிருக்கிறது. வேலையில் பட்ட காயமாக இருந்து, மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாது என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தந்தால், குணமாகும்வரை தினக்கூலியில் சுமார் 90 சதவீதம் அங்கே கிடைக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. அடிபட்ட அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.