ஆர்லாண்டோ குளிர்: சராசரியை நம்பி பேக் பண்ணாதீங்க

ஃப்ளோரிடான்னா வெயில், கடற்கரை. இதை நம்பி ஜனவரியில் டிஸ்னி வேர்ல்டுக்கு டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் மட்டும் எடுத்துட்டுப் போறவங்க, ராத்திரி பார்க் கடையிலேயே சொல்ற விலைக்கு ஸ்வெட்டர் வாங்க வேண்டி வரும். எம்.எஸ். படிக்கப் போய் லீவுக்கு ஆர்லாண்டோ கிளம்பும் நம்ம சீனியர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

ஆர்லாண்டோவின் ஜனவரி சராசரி: பகலில் சுமார் 22 டிகிரி செல்சியஸ், இரவில் 10. கணக்கு சரிதான். ஆனா ஒருநாள் மதியம் 27, மறுநாள் விடியற்காலை 3 என்று இருந்தாலும் சராசரி அழகாத்தான் வரும்!

இந்த ஆட்டம் ஏன்? நமக்கு வடக்கே இமயமலை சுவர் மாதிரி நின்னு மத்திய ஆசியக் குளிர்காற்றைத் தடுக்குது. அமெரிக்காவில் அப்படிக் குறுக்கே மலைத்தொடர் கிடையாது. கனடாவில் கிளம்பும் குளிர்காற்று சமவெளி வழியாக ஃப்ளோரிடா வரைக்கும் இறங்கிடும். அதுக்கு முந்தின நாள் தெற்கிலிருந்து புழுக்கமான காற்று, கொஞ்சம் மழை. அது கடந்ததும் காற்று வறண்டு, வானம் தெளிஞ்சிடும். நீராவியும் மேகமும் குறைவதால் தரையின் வெப்பம் தடையில்லாமல் மேலே போயிடும். அதனால்தான் பளிச்சுன்னு வெயில் அடிச்ச நாளில் ராத்திரி நடுங்க வைக்குது.

இந்தக் குளிர் விளையாட்டில்லை. ஆர்லாண்டோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கென்னடி விண்வெளி மையத்தில், 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் கிளம்பியபோது வெப்பநிலை சுமார் 2 டிகிரி. ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கிக்கிட்டிருந்தது. குளிரில் ரப்பர் ஓ-ரிங் விறைத்து, பூஸ்டரின் இணைப்பைச் சரியாக அடைக்கவில்லை. 7 பேர் இறந்தார்கள். குளிரில் ஏவ வேண்டாம்னு முந்தின இரவே சில இன்ஜினியர்கள் வாதாடியிருந்தார்கள்.

சரி, பைக்கு வருவோம். ஒரே தடி ஜாக்கெட் வேண்டாம். மதியம் அதைத் தூக்கிச் சுமக்கணும். மெல்லிசா மூணு அடுக்கு போதும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் படிச்ச சீரிஸ் ரெசிஸ்டன்ஸ்தான்: அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் நிஜமான கம்பளி. உள்ளே பாலியஸ்டர் டி-ஷர்ட், நடுவில் ஹூடி, வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். உள்ளே பருத்தி ஏன் வேண்டாம்? அது வியர்வையைப் பிடிச்சு வச்சுக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். துணி நனைஞ்சா அடுக்கு இருந்தும் இல்லாத மாதிரி. ஜீன்ஸ் இன்னும் மோசம். காளி ரிவர் ராபிட்ஸில் தொப்பலா நனைஞ்சா அது சீக்கிரம் காயவே காயாது.

அதிகம் குளிர்வது வரிசையில் நடக்கும்போது இல்லை, வாணவேடிக்கைக்காக ஒரு மணி நேரம் அசையாம நிற்கும்போது. ஹூடி அதுக்குத்தான். கிளம்பும் முந்தின இரவு, மணிவாரி வானிலையில் ட்யூ பாயின்ட்டையும் பாருங்க. வானம் தெளிவா, காற்று அடங்கி இருந்தா, ராத்திரி வெப்பநிலை கிட்டத்தட்ட அந்த எண் வரைக்கும் இறங்கலாம். ரொம்பக் குளிர்ந்தா வாட்டர் பார்க்கை மூடிடுவாங்க. அதையே நம்பி டிக்கெட் போடாதீங்க.

ஷார்ட்ஸையும் விட்டுடாதீங்க, 27 டிகிரி நாளும் வரும். அப்புறம், பாலிதீன் கவரில் சுத்தி ஒரு ஜோடி காய்ஞ்ச சாக்ஸ்.