நெல்லால் எழுந்த நகரம்: சார்ல்ஸ்டன் கற்பிக்கும் சுற்றுலாப் பாடம்

பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் குழுவாகச் சேர்ந்து வெளியூர்களைக் கண்டு வருவது நல்ல வழக்கம். ஆயினும், திரும்பி வந்தவர்களிடம் என்ன கற்று வந்தீர்கள் என்று கேட்டால், பெரிய கட்டிடங்களைக் கண்டோம், அழகிய பூங்காவைக் கண்டோம் என்பதோடு பலர் நிறுத்திக் கொள்கின்றனர். ஓர் ஊரைக் காண்பது வேறு; அவ்வூரிடமிருந்து கற்பது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை விளக்க, அமெரிக்க நாட்டின் தென் கரையிலுள்ள சார்ல்ஸ்டன் என்னும் பழம் பட்டினத்தை இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம். ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாக் குழுக்கள் பல அங்கே செல்கின்றன. அத்தகைய குழு ஒன்றுடன் நாமும் மூன்று நாட்கள் சென்று வருவதாக வைத்துக் கொள்வோம்.

புறப்படுமுன் அறிய வேண்டியவை

சார்ல்ஸ்டன், தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்தது. ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகள் கடலோடு கலக்குமிடத்தில், அவற்றிற்கு நடுவே நாக்குப் போல் நீண்டிருக்கும் நிலத்தில் அமைந்தது. ஆங்கிலேயர் 1670இல் ஆஷ்லி ஆற்றின் மேல்கரையில் குடியேறினர். 1680இல் இப்போதைய இடத்திற்கு ஊர் மாற்றப்பட்டது.

எந்த ஊருக்குச் செல்வதானாலும் புறப்படுமுன் மூன்று கேள்விகளை எழுதிக் கொள்ள வேண்டும். இவ்வூர் எதனால் வாழ்ந்தது? அச்செல்வத்தை உண்டாக்கிய உழைப்பு யாருடையது? அந்த உழைப்பாளிகளுக்குக் கிடைத்தது என்ன?

முதற் கேள்விக்கு விடை நம் விவசாயிகளுக்கு வியப்பளிக்கும். சார்ல்ஸ்டனை வாழ்வித்தது நெல். ‘கரோலினாப் பொன்’ என்று பெயர் பெற்ற நெல், பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. அந்த வாணிபத்தால் சார்ல்ஸ்டன், ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களுள் மிக்க செல்வமுடைய நகரங்களில் ஒன்றாயிற்று. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையை நேரில் தேடுவோம்.

முதல் நாள்: நகரத் தெருக்கள்

கடலை நோக்கி வரிசையாக நிற்கும் மாளிகைகளும், நெடிய தாழ்வாரங்களும், இரும்புக் கதவுகளும் முதலில் கண்ணைக் கவர்கின்றன. இவை அழியாமல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய பகுதியில் உள்ள கட்டிடங்களை மனம் போனபடி இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று 1931இல் நகர நிர்வாகம் விதி செய்தது. வரலாற்றுப் பகுதி ஒன்றைக் காப்பதற்கு அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்யப்பட்ட நகர விதி இதுவே. உள்ளாட்சி மன்றம் ஒன்று விரும்பினால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இது சான்று.

ஆனால் சுவரின் அழகோடு நின்று விடலாகாது. செங்கல்லையும் உற்றுப் பார்க்க வேண்டும். பழைய செங்கற்கள் சிலவற்றில் விரல் தடங்கள் பதிந்திருக்கின்றன. ஈரமண் காயுமுன் அச்சிலிருந்து எடுத்து அடுக்கிய அடிமைகளின் விரல்கள் அவை. சிறுவர் சிறுமியரின் விரல்களும் அவற்றுள் உண்டு. மாளிகையின் சொந்தக்காரர் பெயர் வாயிற்பலகையில் இருக்கிறது. செங்கல் செய்தவரின் பெயர் எங்கும் இல்லை. விரல் தடமே அவருடைய கையொப்பம்.

அங்கிருந்து சால்மர்ஸ் தெருவுக்குச் சென்றால், அடிமைகளை ஏலம் விட்ட கட்டிடம் ஒன்று இன்றும் நிற்கிறது. இப்போது அது பொருட்காட்சிச் சாலை. 1856இல் நகர நிர்வாகம் பொதுவீதியில் அடிமை ஏலம் கூடாது என்று தடுத்தது. அதனால் விற்பனை நிற்கவில்லை. மதிலுக்குள் புகுந்து நடந்தது. கண்ணுக்குத் தெரியாமல் செய்வது வேறு, தீமையை ஒழிப்பது வேறு என்னும் பாடத்தை உறுப்பினர்கள் இங்கே குறித்துக் கொள்ளலாம்.

இரண்டாம் நாள்: நெல் வயல்

நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் ஆஷ்லி ஆற்றோரமாகச் சென்றால் மிடில்டன் பிளேஸ் என்னும் பழைய பண்ணையை அடையலாம். 1741இல் தொடங்கப்பட்ட பூந்தோட்டமும், படிப்படியாக இறங்கும் புல்வெளியும், வண்ணத்துப் பூச்சியின் சிறகு போன்ற இரு குளங்களும் அங்கே உண்டு. பலர் தோட்டத்தைக் கண்டு திரும்பி விடுவர். நாம் அங்குள்ள நெல் ஆலையையும், பயணிகளுக்குக் காட்டுவதற்காக நெல் பயிரிடும் சிறு வயலையும் காண வேண்டும்.

அக்காலத்தில் இவ்வட்டாரத்தில் நெல்லுக்கு நீர் பாய்ச்சிய முறை அறியத் தக்கது. கடல் ஏறும்போது உப்பு நீர் ஆற்றுக்குள் புகுந்து, ஆற்றின் நன்னீரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்தும். உப்பு எட்டாத தொலைவில், ஆனால் ஏற்ற இறக்கம் எட்டும் தொலைவில், காட்டுச் சதுப்பு நிலத்தை அழித்துக் கரை கட்டி வயல் அமைத்தனர். கரைக்குள் மரத்தாலான நீண்ட மதகு ஒன்றை வைத்து, அதன் இரு முனையிலும் தொங்கும் கதவுகளைப் பொருத்தினர். ஆற்றுப்புறக் கதவைத் தூக்கி வைத்தால், ஏறும் நீர் மதகு வழியே வந்து உட்கதவைத் தள்ளிக்கொண்டு வயலில் பாயும். ஆற்றில் நீர் இறங்கும்போது, வயல் நீரின் அழுத்தத்தால் உட்கதவு தானே மூடிக் கொள்ளும். நீரை வடிக்க வேண்டுமானால் உட்கதவைத் தூக்கினால் போதும். ஆதியில் குடைந்த அடிமரத்தையே மதகாகப் பயன்படுத்தியதால், ‘அடிமரம்’ என்று பொருள்படும் சொல்லே அம்மதகுக்குப் பெயராக நிலைத்தது. மதகைக் கவனிப்பதற்கு, நம் ஊர் நீர்பாய்ச்சியைப் போல, தேர்ந்த ஆள் ஒருவர் இருந்தார். அவரும் அடிமையே.

காடழித்தவர், கரை கட்டியவர், களை எடுத்தவர், உரலில் இட்டு உலக்கையால் குற்றியவர், புல்லால் பின்னிய தட்டில் புடைத்தவர் அனைவரும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டு வரப்பட்ட மக்களும் அவர்தம் வழிவந்தோருமே ஆவர். அவர்களுள் பலர், பல நூற்றாண்டுகளாக நெல் விளைந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையைச் சேர்ந்தவர்கள். ‘நெல் கரையிலிருந்து’ வந்தவர்கள் என்று சொல்லியே வணிகர்கள் அவர்களை விற்பதற்கு விளம்பரம் செய்தனர். கரோலினா நெற்சாகுபடியில் ஆப்பிரிக்கரின் நுட்ப அறிவுக்குள்ள பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். உழைப்பு யாருடையது என்பதில் வாதமே இல்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பொதுவாகக் கால் ஏக்கர், அதாவது 25 சென்ட் நிலம் கொத்தும் வேலை அளந்து கொடுக்கப்பட்டது. தேங்கிய நீரில் மலேரியா பெருகியது. கோடையில் முதலாளிகள் நகரத்துக்குச் சென்று விட்டனர். உழைப்பவர்கள் நோயோடு வயலிலேயே இருந்தனர். 1739இல் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்கிய பின் 1740இல் செய்த சட்டம், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு விடை இதுவே.

மூன்றாம் நாள்: துறைமுகம்

வட அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வழியாக வந்தனர் என்று கணக்கிடுகின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் இறங்கிய காட்ஸ்டன் துறையில், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிரிக்க அமெரிக்கர் பொருட்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. அதன் கட்டிடம் தரையில் ஊன்றவில்லை. 18 தூண்களின்மேல் 13 அடி உயரத்தில் நிற்கிறது. மக்கள் இறங்கிய மண்ணின்மீது சுவர் எழுப்பலாகாது என்பது கருத்து. கீழே நினைவுத் தோட்டம் உள்ளது.

துறைமுகத்தின் வாயிலில் சம்ட்டர் கோட்டை தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு 1861 ஏப்ரல் 12இல் அக்கோட்டையை நோக்கிச் சுடப்பட்டது. மறு ஆண்டு மே மாதம், ராபர்ட் ஸ்மால்ஸ் என்னும் அடிமை மாலுமி, ‘பிளாண்டர்’ என்ற படைக் கப்பலைத் தம் குடும்பத்தாருடனும் தோழர்களுடனும் இருளோடு இருளாக ஓட்டிச் சென்று விடுதலை பெற்றார். 1868இல் மாநில அரசியல் சட்டத்தை வகுத்த அவையில் அவர் உறுப்பினராக இருந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டுமென்று பாடுபட்டார். எழுத்தே மறுக்கப்பட்ட குலத்திலிருந்து வந்தவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று பள்ளி கேட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

மன்றம் செய்த தீர்மானமும் நிலத்தின் சிக்கலும்

2018 ஜூன் மாதத்தில், அடிமை முறையில் நகரத்துக்கு இருந்த பங்கிற்காக வருத்தம் தெரிவித்துச் சார்ல்ஸ்டன் நகர மன்றம் தீர்மானம் செய்தது. எழுவர் ஆதரித்தனர், ஐவர் எதிர்த்தனர். உண்மையை ஏட்டில் ஏற்றுவதும் மன்றத்தின் கடமை என்பதை அத்தீர்மானம் காட்டுகிறது. அது எளிதன்று என்பதை வாக்குக் கணக்குக் காட்டுகிறது.

விடுதலைக்குப் பின் அம்மக்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து நிலம் வாங்கினர். உயில் எழுதாமலும் பாகம் பிரிக்காமலும் தலைமுறைகள் கழிந்தன. பங்காளிகளுள் ஒருவரின் சிறு பங்கை வெளியார் வாங்கி, வழக்காடி, முழு நிலத்தையும் ஏலத்திற்குக் கொண்டு வரும் நிலை ஏற்பட்டது. இவ்வகை நிலங்களைக் காக்கச் சார்ல்ஸ்டனில் 2005இல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. 2016இல் மாநிலச் சட்டமும் வந்தது. மற்றப் பங்காளிகளே முதலில் வாங்கிக் கொள்ள அச்சட்டம் வாய்ப்பளிக்கிறது. 2015இல் சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் இனவெறியன் ஒருவனால் கொல்லப்பட்ட ஒன்பதின்மருள் ஒருவரான கிளெமென்டா பிங்க்னியின் பெயரை அச்சட்டம் தாங்கியிருக்கிறது. அவர் அத்தேவாலயத்தின் போதகர். மாநில மேலவை உறுப்பினருமாவார்.

திரும்பிய பின் செய்ய வேண்டியவை

மாளிகையை மட்டும் கண்டு திரும்புபவர், செல்வம் தானே வந்தது என்று எண்ணுவார். வயலையும் துறையையும் கண்டவர், அது யாருடைய முதுகின்மேல் ஏறி வந்தது என்பதை அறிவார். நம் ஊர் ஏரிக்கும், வாய்க்காலுக்கும், கோயில் மதிலுக்கும் மண் சுமந்தவர் யார்? மூத்தோரிடம் கேட்டு எழுதி வைப்பது பஞ்சாயத்தின் வரலாற்றுக் கடமை.

குழுவாக அமர்ந்து ஆராய்வதற்கு:

1. நம் ஊரின் பொதுச் சொத்துகளை உருவாக்கியவர்களின் பெயர்களுள் எவை ஏட்டில் உள்ளன? எவை விடுபட்டன?

2. நம் ஊரில் பாகம் பிரியாமல், பட்டா மாறாமல் கிடக்கும் நிலங்கள் எத்தனை? உரியவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துரைக்க என்ன செய்யலாம்?

3. அடுத்த சுற்றுலாவுக்குப் புறப்படுமுன் நாம் எழுதிக் கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள் எவை?