ஊசி தெற்கே காட்டிய காலம்

மைசூரு அக்ரஹாரத்தின் ஒரு தெருமுனையில் நின்று காந்த ஊசியைக் கையில் ஏந்தினால், அது சற்றே ஆடி, பின் அடங்கி, வடக்கு நோக்கி நிற்கும். ஊசி காட்டும் திசையைப் பார்த்து நின்றால் சாமுண்டி மலை முதுகுப்புறம் வலப்பக்கமாக அமையும். நாளை நின்று பார்த்தாலும் அவ்வாறே. தாத்தாவின் தாத்தா நின்று பார்த்திருந்தாலும் அவ்வாறே. ஆயினும், எக்காலத்தும் அவ்வாறு இருந்ததில்லை.

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசத்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863ஆம் ஆண்டில் முதலில் பல்லாவரத்திலும், சில மாதங்களில் இவ்வூரிலும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், தொல்லியலறிஞர் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கே ஆழத் தோண்டி, கைக்கோடரிகள் புதைந்திருந்த களிமண் அடுக்குகளை ஆராய்ந்தனர். 2011இல் வெளிவந்த அவர்களது முடிவு உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது. அக்கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள்!

வயதை அறிய அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று களிமண்ணின் காந்தத்தை அளப்பதாகும். வெள்ளநீரில் மிதந்து வந்து மெல்லப் படியும் வண்டல் மண்ணில் இரும்புச் சேர்மங்களின் நுண்துகள்கள் உண்டு. அவை படியும்போது, சின்னஞ்சிறு காந்த ஊசிகளைப் போல, அந்நாளைய புவிக்காந்தத்தின் திசையில் அணிவகுத்து உறைந்துவிடுகின்றன. அத்திரம்பாக்கத்தின் அடிப்பகுதிக் களிமண்ணில் அந்த அணிவகுப்பு இன்றைக்கு நேர்மாறாக இருந்தது. கைக்கோடரி செய்த அம்மனிதர்களிடம் ஒரு காந்த ஊசி இருந்திருக்குமானால், அதன் வடமுனை தெற்கே காட்டியிருக்கும்.

இந்தத் தலைகீழ் மாற்றம் ஏன் நிகழ்கிறது? நம் காலடிக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய இரும்பு ஒரு பெருங்கடலாகச் சுழன்று கொண்டிருக்கிறது. அந்த ஓட்டமே மின்னோட்டத்தையும் காந்தப்புலத்தையும் உண்டாக்குகிறது. கொதிக்கும் உலைநீர் ஒரே சீராகச் சுழல்வதில்லை அல்லவா? அதுபோல இரும்பின் ஓட்டமும் அவ்வப்போது குழம்புகிறது. குழப்பம் முற்றும்போது காந்தப்புலம் வலுவிழந்து, மீண்டும் வலுப்பெறுகையில் துருவங்கள் இடம்மாறி அமைவதுண்டு. ஒரே இரவில் நடக்கும் செயலன்று இது. பொதுவாகச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அத்தகைய முழுமாற்றம் கடைசியாக நிகழ்ந்து ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. சற்றேறக்குறைய 41,000 ஆண்டுகளுக்கு முன்னர் துருவங்கள் சில நூற்றாண்டுகள் மட்டும் புரண்டு, மறுபடியும் பழைய நிலைக்கே வந்துவிட்டன.

அடுத்தது எப்போது? இதற்கு நாள்காட்டி இல்லை. 1840ஆம் ஆண்டையொட்டி அளவீடுகள் தொடங்கியது முதல் காந்தப்புலத்தின் வலிமை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துள்ளது. 1831இல் கனடாவின் வடபகுதியில் கண்டறியப்பட்ட வட காந்தமுனை இன்று சைபீரியாவை நோக்கி நகர்ந்து கொண்டிருக்கிறது. விமான ஓடுபாதைகளின் முனையில் தீட்டப்படும் எண்கள் காந்தத் திசையைக் கொண்டே அமைவன. ஆதலால் சில விமான நிலையங்களில் அவ்வெண்களை அழித்து மாற்றி எழுத நேர்ந்ததும் உண்டு. இவற்றைக் காட்டி, 'உலகம் அழியப் போகிறது' என்று கைப்பேசிச் செய்திகள் அச்சுறுத்துகின்றன. வலிமை குறைந்தும் துருவம் மாறாமல் மீண்டும் கூடிய காலங்கள் பல என்பதை அச்செய்திகள் சொல்வதில்லை.

துருவ மாற்றத்தால் உயிர்கள் அழிந்தனவா? புதைபடிவங்களில் அதற்குச் சான்று இல்லை. மாற்றத்திற்கு முன்னும் பின்னும் இந்திய மண்ணில் கைக்கோடரிகள் செய்யப்பட்டே வந்தன. புவிக்காந்தத்தை வழிகாட்டியாகக் கொள்ளும் கடலாமைகளின் இனமும் பற்பல மாற்றங்களைக் கடந்து வந்ததே. காந்தக் கவசம் மெலிந்தாலும், நம் தலைக்குமேல் உள்ள காற்று பத்து மீட்டர் ஆழமுள்ள நீருக்கு நிகராக நின்று அண்டக்கதிர்களைத் தடுக்கிறது.

எனினும், கைக்கோடரி மனிதனிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உள்ளது. அது மின்சாரம். நமக்குரிய இடர் அங்கேதான் இருக்கிறது.

கவசம் மெலிந்தால் என்ன நேரும் என்பதன் சிறு முன்காட்சி மைசூருக்கு அருகிலேயே பதிவாகியுள்ளது. விடுமுறையில் பண்டிப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து உதகைக்குச் செல்லும் பேருந்துவழியைப் பலர் அறிவர். அவ்வுதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வகம் உள்ளது. அங்கே கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வில், இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட்டின் கீழே ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்கள் இரவும் பகலும் மியூவான் என்னும் துகள்களை எண்ணிக் கொண்டிருக்கின்றன. 2015 ஜூன் 22 அன்று அவ்வெண்ணிக்கை திடீரென உயர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணிநேரம் நீடித்தது. சூரியனிலிருந்து சீறிவந்த மின்னூட்டத் துகள்களின் பெருமேகம் புவியின் காந்தக் கவசத்தை மோதி அமுக்கியதே காரணம். கவசம் சிறிதுநேரம் தளர, வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் அண்டக்கதிர்களுள் சில உள்ளே புகுந்தன என்று 2016இல் அவ்வாய்வாளர்கள் விளக்கினர். உதகையில் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. குழாய்களுக்கு மட்டுமே தெரிந்தது.

எல்லாப் புயலும் அவ்வாறு அமைதியாகப் போய்விடுவதில்லை. 1989 மார்ச் 13 அன்று வீசிய காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றித் தவித்தனர். அது காந்தப்புலம் வலுவாக உள்ள காலம். துருவம் மாறும் காலத்திலோ புலம் நலிந்திருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் நலிந்தே இருக்கும். தென் அட்லாண்டிக் கடலுக்குமேல் இப்போதே புலம் மெலிந்த பகுதி ஒன்று உண்டு. அதைக் கடக்கும்போது ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி தன் பணியை நிறுத்திக் கொள்கிறது. அத்தகைய பகுதி உலகெங்கும் விரியுமானால், வழிகாட்டும் செயற்கைக்கோள்களும் தொலைத்தொடர்பும் மின்கடத்தும் கம்பிகளும் வேறு முறையில் கட்டமைக்கப்பட வேண்டியிருக்கும். அதற்கு ஆயத்தமாகப் பல தலைமுறைகளுக்குக் காலம் உண்டு.

சொல்லும் பொருளும்

படுகை – ஆறு பாய்ந்து வளமாக்கும் நிலப்பகுதி
வண்டல் – நீர் கொண்டுவந்து படியவிட்ட மண்
உலைநீர் – அரிசி வேகவைக்கக் காய்ச்சும் நீர்
இடர் – துன்பம், ஆபத்து

விடை எழுதுக

1. அத்திரம்பாக்கத்துக் களிமண் பழங்காலக் காந்தத் திசையை எவ்வாறு காத்து வைத்தது?
2. 'குழாய்களுக்கு மட்டுமே தெரிந்தது' – எதைப் பற்றி, ஏன் இவ்வாறு கூறப்பட்டுள்ளது?
3. கைக்கோடரி மனிதனைப் பாதிக்காத மாற்றம் நம்மைப் பாதிக்கக்கூடும் என்பது ஏன்?
4. உங்கள் குடும்பத்தின் சொந்த ஊர் மைசூருக்கு எத்திசையில் உள்ளது? துருவங்கள் இடம்மாறினால் காந்த ஊசியைக் கொண்டு அவ்வூரின் திசையை எவ்வாறு அறிவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.