குளத்து நீரில் சூரிய மின்சாரம்: தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்



கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனில் என் சின்னம்மா இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். நம் லயங்களில் பலருக்கும் அந்தப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. அங்கே வயலுக்குத் தண்ணீர் கொடுப்பதும் குளம்தான், மீன்பிடிப்பவர்களுக்குச் சோறு போடுவதும் குளம்தான். போன முறை போனபோது சின்னம்மா கேட்டார்:

"தம்பி, இனிமே கொளத்து மேலயும் கரண்டுக்குப் பலகை விரிப்பாங்களாமே. விரிச்சா மீனு எப்புடி மூச்சு விடும்? வலைய எங்க போடுறது?"

அக்கராயன் குளத்துக்கு அப்படித் திட்டம் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. கூட்டத்தில் பெரிய பெரிய சொற்களாகப் பேசுவார்கள். நாமும் விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். இனி அப்படி வேண்டாம். இந்தப் பாடத்தில் அந்தச் சொற்களைப் படிப்போம்.

இது நமக்கு எட்டாத விஷயமும் அல்ல. அதே கிளிநொச்சியில், அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகக் குளத்தில், நோர்வே நாட்டின் உதவியுடன் 2020 ஆம் ஆண்டு மிதக்கும் சூரிய மின்நிலையம் ஒன்று தொடக்கிவைக்கப்பட்டது. இலங்கையில் இவ்வகையில் அதுவே முதலாவது. அளவு 40 கிலோவாட்டுக்குச் சற்று மேல்.

1. கிலோவாட், யூனிட்: கிலோவாட் என்பது பலம். யூனிட் என்பது செய்த வேலை. ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 10 வாட் பல்பு 100 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்தான். பில்லில் வருவது யூனிட் கணக்கு. 1000 கிலோவாட் சேர்ந்தது ஒரு மெகாவாட்.

2. சூரியத் தகடு, இன்வேட்டர்: தகட்டில் வெயில் பட்டால் நேரோட்ட மின்சாரம் வரும். வீட்டுக் கரண்ட் ஆடலோட்டம். ஒன்றை மற்றதாக மாற்றும் பெட்டி இன்வேட்டர். தகட்டுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். நீரின் மேல் தகடு சற்றுக் குளிர்ச்சியாக இருப்பது ஒரு இலாபம்.

3. மிதவை: தகட்டைத் தாங்கும் தெப்பம். பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக். கேரளாவில், நம்மைப் போலவே தேயிலை விளையும் வயநாட்டின் பாணாசுர சாகர் அணையில், கம்பி வலை வைத்துப் பூசிய சீமெந்து மிதவைகள் மேல் 500 கிலோவாட் நிலையத்தை 2017 இல் அமைத்தார்கள்.

4. நங்கூரம், கட்டுக் கயிறு: மிதவை அடித்துச் செல்லாமல் பிடித்து வைப்பவை. கோடையில் குளம் வற்றும், மாரியில் பொங்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கிளிநொச்சி மக்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே நீர் ஏறி இறங்குவதற்கு ஏற்றபடி கயிற்றில் இடம் விட வேண்டும். ஜப்பானின் யமகுரா அணையில் 2019 செப்டம்பர் புயலில் கட்டு விட்டுப் போய், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருப்பும் பிடித்தது.

5. மூடிய பரப்பு: நீர்ப்பரப்பில் எவ்வளவு பங்கு மறைகிறது என்பது. சின்னம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் மூடினால் நீர் ஆவியாவது குறையும், பாசியும் குறையும். அதிகம் மூடினால் நீருக்குள் வெளிச்சமும் காற்றும் குறையும், மீனுக்குக் கஷ்டம், வலை போடவும் இடமில்லை. தெலுங்கானாவின் ராமகுண்டத்தில் 2022 இல் முழுமையடைந்த 100 மெகாவாட் நிலையம் சுமார் 500 ஏக்கர் நீர்ப்பரப்பில் விரிந்திருக்கிறது. பெரிய அணைக்கு அது தாங்கும். ஊர்க்குளம் தாங்குமா என்பது வேறு கணக்கு.

6. குறைந்த பாதிப்பு: காடு வெட்டாமல், விளைநிலத்தைப் பிடிக்காமல், இருக்கும் பிழைப்பைக் கெடுக்காமல் அமைப்பது. கூரைமேல் தகடு போடுவதும், உயரமாகத் தகடு நிறுத்திக் கீழே பயிர் செய்வதும் இவ்வகைதான். மிதக்கும் நிலையமும் நிலத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நிலம் மிச்சம் என்பதற்காகப் பாதிப்பே இல்லை என்று நினைக்கக் கூடாது. குளத்தை நம்பி இருப்பவர்களுக்குக் குளமும் நிலம்தான்.

எந்த ஊரிலும் இப்படி ஒரு திட்டம் பற்றிக் கூட்டம் வைத்தால் எழுந்து நின்று இவற்றைக் கேளுங்கள்:

குளம் வற்றும் மாதத்தில் எத்தனை பங்கு மூடப்படும்? (நிறைந்த குளத்தின் கணக்கை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.)

தோணி போகவும் வலை போடவும் விட்ட வழி எது?

நங்கூரத்தையும் கயிற்றையும் யார், எப்போது பார்ப்பார்கள்?

பழுதான தகட்டையும் மிதவையையும் யார் அப்புறப்படுத்துவார்கள்?

கரண்ட் யாருக்கு, அதில் ஊருக்கு என்ன?

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: ஒரே அளவான இரண்டு பேசினில் சமமாகத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். ஒன்றைப் பாதி பலகையால் மூடுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டிலும் மட்டத்தை அளந்து பாருங்கள். எது குறைந்தது, எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை லயத்துக்கு வரும்போது எனக்குக் காட்டுங்கள். சின்னம்மாவுக்கும் எழுதி அனுப்புவோம்.