நோயாளர் இருக்கும் இல்லத்தில் வேனிற்காலத் தூய்மைப் பணிகள்

பங்குனி பிறந்து வேப்பமரங்கள் துளிர்க்கத் தொடங்கும் நாள்களில் நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பொருள்கள் கீழே இறங்கும், மின்விசிறிகள் துடைக்கப்படும், நீர்த்தொட்டிகள் கழுவப்படும். சித்திரை முதல் நாளுக்குள் வீடு தூய்மையாக இருக்கவேண்டும் என்பது ஒரு காரணம். வெயில் முற்றுவதற்குள் வேலைகளை முடித்துவிடவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல காரணங்களே. ஆயினும் நோயாளர் ஒருவர் இருக்கும் வீட்டில் இப்பணிகளை வழக்கம்போலச் செய்துவிட இயலாது. அழுக்கினால் அன்றி, அழுக்கை நீக்கும் முயற்சியினாலேயே துன்புற்று எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரை இப்பருவத்தில் நாங்கள் காண்கிறோம்.

ஓர் அம்மையார் குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தார். கறை போகவில்லை. அதன்மேலேயே ஆசிட்டையும் ஊற்றினார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள அவருடைய கணவர் அடுத்த அறையில் படுத்திருந்தார். சில நிமிடங்களில் இருவருக்கும் கண்ணெரிச்சலும் இருமலும் தொடங்கின. அம்மையார் அன்று மாலையே வீடு திரும்பினார். கணவர் ஒரு வாரம் எங்களிடம் தங்க நேர்ந்தது. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலின் உட்பரப்பை அரிக்கும். இரண்டையும் கலந்தால் கறை விரைவில் போகும் என்ற எண்ணம் பல வீடுகளில் உள்ளது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், நிறைய நீர்விட்டு அலசுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். தவறிக் கலந்துவிட்டால் அதைக் கழுவ முயலாமல் முதலில் நோயாளரை வெளிக்காற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்தது தூசி. ஆஸ்துமா உள்ளவரை அறையில் வைத்துக்கொண்டே ஒட்டடை அடிப்பது தகாது. அவர் அண்டை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். வேலை முடிந்து தூசி படிந்தபின், தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவரை அழைத்து வாருங்கள். மின்விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறை ஒன்றை மாட்டி மெல்ல இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். எங்கள் செவிலியர் ஒருவர் சொல்லித்தந்த வழி இது.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் கீமோதெரபி பெறுபவர்களும் துப்புரவு வேலையில் இறங்கவே வேண்டா. பரணின் பழந்தூசியிலும், ஏசி பெட்டியின்மேல் காய்ந்து கிடக்கும் புறா எச்சத்திலும் பூஞ்சை நுண்வித்துகள் இருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் அவை கடும் தொற்றாக மாறலாம். எச்சத்தை அகற்றும் பிறரும் உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து அகற்றவேண்டும். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் திரவம் மாற்றும் அறையை முதல் நாளே துடைத்து முடித்துவிடுங்கள். தூசி பறக்கும் நாளில் அந்த அறையின் கதவு மூடியே இருக்கட்டும்.

நீர்த்தொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் கெடாமல் இருந்து, மீண்டும் நீர் ஏறும்போது பொரிக்கும். ஆகவே நீரை வெளியேற்றினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்தல் இன்றியமையாதது. தேய்த்து அலசிய பின், 1000 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். 24 மணி நேரம் கழித்து முழுவதும் வெளியேற்றி, நல்ல நீரால் அலசி மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் நீரை எவரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. தேவையான நீரை முன்னதாகவே பிடித்து வையுங்கள். ஒரு தொட்டி நீர் வீணாகிறதே என்ற வருத்தம் நியாயமானதுதான். தட்டுப்பாடு வரும் சித்திரை, வைகாசிக்குமுன் இதை முடிக்கச் சொல்வதும் அதனால்தான்.

தரைக்கடியில் உள்ள சம்ப்புக்குள் மட்டும் வீட்டார் எவரும் இறங்கவேண்டா. மூடிக்கிடந்த சம்ப்பில் உயிர்க்காற்று குறைந்திருக்கலாம்; இறங்கியவர் குரல் கொடுக்குமுன்னே மயங்கிவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மயங்குவார். ஒரே குடும்பத்தில் இருவரை இழப்பது இவ்வாறுதான். கழிவுநீர்த் தொட்டிக்கு இது இன்னும் பொருந்தும்; அதில் மனிதரை இறக்கவே கூடாது, இயந்திர வண்டியை அழையுங்கள். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் 112 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்புத் துறையினரை வரவழையுங்கள்.

மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது, மேல்தளத்தில் படுத்திருக்கும் முதியவருக்கு நாம் செய்யக்கூடிய மலிவான உதவி. பூசுபவர் கண்ணாடி அணிந்துகொள்ளட்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வரவேண்டும். கழுவாமல் வண்டியேறிப் புறப்படுவதுதான் பார்வையைக் கெடுக்கிறது. குளிர்பதனப் பெட்டியைச் சுத்தம் செய்ய அணைக்கும்போது உள்ளிருக்கும் இன்சுலினை மறந்துவிடாதீர்கள். நீர் புகாத உறையிலிட்டு, குளிர்ந்த நீருள்ள மண்பானையில் சில மணி நேரம் வைக்கலாம். பனிக்கட்டியின்மேல் வைக்கவேண்டா, உறைந்த இன்சுலின் பயன்படாது.

கழிவறையில் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுகிற முதியவர்கள் மிகப் பலர். அக்கம்பி ஆளின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. துளையிடும் கருவியுடன் ஆள் வரும் நாளிலேயே உறுதியான கைப்பிடி ஒன்றைச் சுவரில் பொருத்திவிடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு வலுவுள்ள கையின் பக்கம் அது இருக்கவேண்டும்.

இறுதியாக, ஏணியும் பிளாஸ்டிக் நாற்காலியும். பராமரிப்பவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவ்வீட்டில் நோயாளர் இருவர் ஆவர், பராமரிக்க எவரும் இரார். உயரத்து வேலைகளை உடல்வலுவுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்கட்டும். இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்பவர்கள் ஒரு படிகூட ஏறவேண்டா. அவர்களுக்குத் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லை, நன்றாகத்தான் பேசுகிறார் என்று இரவுவரை பொறுத்திருக்காமல், உண்ணும் மருந்தின் சீட்டையும் எடுத்துக்கொண்டு அப்போதே அழைத்து வாருங்கள்.